டாக்டர் பார்த்து வைத்த ஆள்

டாக்டர் ஞானப்பிரகாசம் போய்விட்டார்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அவர் மகன் போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அபிராமபுரத்தில் வீட்டு முன்னறையையே கிளினிக்காக வைத்திருந்த பல் டாக்டர். தொண்ணூறுகளில் நான் அங்கே ரிசப்ஷனிஸ்ட்.

ரிசப்ஷனிஸ்ட் என்றால்... எல்லாமும்தான். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, நாற்காலியைப் பார்த்ததும் அலறும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

டாக்டரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். கை சும்மா இருந்தால் பேசவே மாட்டார். யார் வாயிலாவது கண்ணாடியை விட்டுவிட்டாரோ, அவ்வளவுதான்... கிரிக்கெட், கரன்ட் பில், தெருவில் தேங்கிய மழைத் தண்ணீர், எல்லாம் வரும். நாங்கள் பேசியதெல்லாம் ஏதாவது ஒரு பேஷண்டின் திறந்த வாய்க்கு மேலேதான்.

அப்போதுதான் எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர், ஏ.சி., ஆபீஸ் பஸ், நல்ல சம்பளம். அப்பா ரிட்டையர் ஆன வருடம் வேறு. எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமே!

ஒன்றுமே தெரியாமல் வந்தவளை ஒருநாள்கூடக் கடிந்து பேசாத மனிதர். நான் போய்விட்டால் அவர் கை வேலையாக இருக்கும்போது போனை யார் எடுப்பது? அந்தப் பிள்ளைகள் யார் கையைப் பிடித்துக்கொள்ளும்? இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒருவழியாகச் சொன்ன அன்று நாற்காலியில் இருந்தவர் மயிலாப்பூர் வைத்தா மாமா. பல் செட்டுக்கு அளவெடுப்பதற்காக அவர் வாய் நிறைய மாவு.

"டாக்டர்... எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. கிண்டியில."

டாக்டர் நிமிரவே இல்லை. மாமாவின் கண் மட்டும் என் பக்கம் உருண்டது.

"எப்ப சேரணும்?"

"ஒண்ணாம் தேதி. ஆனா நீங்க வேணாம்னா நான்..."

"நல்லதாப் போச்சு சுமதி. எங்க கோயில்ல பாட்டுப் பாடற பொண்ணு ஒண்ணு, பேரு புனிதா. ரொம்ப நாளா வேலை கேட்டுட்டிருக்கா. நீ இருக்கியேன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

அடக் கடவுளே! நான் இங்கே தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன், இவர் நல்லதாய்ப் போச்சு என்கிறார்.

சுருக்கென்று கோபம் வந்தது. "ஒருநாள் முன்னாடியே வரச் சொல்லுங்க டாக்டர், எல்லாம் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"வேணாம்மா. அவ கெட்டிக்காரி. பாத்தாலே புரிஞ்சுப்பா."

பார்க்காமலே புனிதாவை எனக்குப் பிடிக்காமல் போனது. அவளுக்காக மேஜை டிராயரைத் துடைத்து வைத்தேன், வேண்டா வெறுப்பாக. கடைசி நாளில் டாக்டர் கொடுத்த பரிசு அரை டஜன் டூத் பிரஷ். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிண்டி ஆபீஸ் எனக்கு உடனே பிடித்துவிட்டது. டாக்டரை நினைத்தால் உறுத்தலும் இல்லை. அதுதான் புனிதா இருக்கிறாளே...

மழைக்காலத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. வேறு டாக்டரிடமா போவேன்? ஆபீஸ் விட்டு நேரே அபிராமபுரம் போனேன்.

என் மேஜையில் யாரும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சில் வைத்தா மாமா, பளபளவென்று புதுப் பல் செட்டுடன்.

"புனிதா எங்க மாமா?"

"எந்தப் புனிதா? நீ போனப்புறம் இங்க யாருமே வரலையேம்மா. டாக்டரே வந்து ஒவ்வொருத்தரையா கூப்டுண்டிருக்கார். யாராவது பொண்ணு இருந்தா சொல்லுங்கோன்னு எங்கிட்டயே கேட்டார்."

அதற்குள் கையுறையைக் கழற்றியபடி போனை எடுக்க டாக்டர் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"புனிதா இன்னிக்கு லீவு" என்றார்.

உள்ளே என்னை உட்கார வைத்து, வாயில் பஞ்சை அடைத்த பிறகு மற்றதெல்லாம் வந்தது. புனிதா ரொம்ப நன்றாக வேலை செய்கிறாளாம். பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டு விட்டார்களாம். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பொங்கலுக்குள் நிஜமாகவே வள்ளியம்மா என்று ஒருவர் வேலைக்கு அமைந்தார். அதற்கப்புறம்தான் எனக்கு நிம்மதி. ஆனாலும் எங்கள் இருவருக்குள் புனிதா வேலையில்தான் இருந்தாள். "புனிதா எப்படி டாக்டர்?" என்று நானும் விடாமல் கேட்பேன். "அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா" என்பார், முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, "புனிதாவையும் கூட்டிட்டு வந்துடுங்க டாக்டர்" என்றேன்.

அன்று நாற்காலியில் பேஷண்ட் யாரும் இல்லை. இருந்தும் பேசினார்.

"அவ போயிட்டாம்மா. நல்ல வேலை கிடைச்சிருச்சு. சொல்ல வந்துட்டு எதிர்ல நின்னு ஒரே அழுகை... ஒண்ணும் கவலைப்படாதே, உன் இடத்துக்கு ஆள் பாத்து வச்சிட்டேன்னு சொல்லி அனுப்பி வச்சேன்."

நாளை காலை அடக்கம். ஆபீஸில் சொல்லிவிட்டேன். வந்துவிடுகிறேன், டாக்டர்.