குளிரறையில் விளைந்த கோதுமை

ஜூலை வெயிலில் லண்டன் மனோர் பார்க்கில் பஸ் ஏறும்போது என் கையில் தடித்த குளிர் ஜாக்கெட் இருக்கும். அரைக்கைச் சட்டைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கோதுமைக்குக் குளிரூட்டுவதுதான் இந்த ஊர் எனக்குத் தந்த வேலை. ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளன் நான். கதிர் பயிரின் தாளுக்குள் ஒளிந்திருக்கையில், மகரந்தம் உருவாகும் அந்தச் சில நாட்களில், பயிரைக் குளிரறைக்குள் வைக்க வேண்டும். அப்போது குளிர் பட்டால் மகரந்தம் மலடாகிவிடும். கதிர் பச்சைப்பசேலென்று வெளியே வரும், உள்ளே பதர். எந்த இனம் அதையும் தாங்கி மணி பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அது சரிவந்தால் என் வேலை நீளும், விசா நீளும், வவுனியாவில் இருக்கும் மனைவி வதனியையும் மகளையும் கூப்பிடலாம். மூன்று வருடமாக இந்த ஒன்றுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாளைக் கணிக்க, கடைசி இரண்டு இலைகளின் கழுத்துகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். நான் அளக்கவில்லை. கிளிநொச்சியில் பத்து வருடம் நெல் செய்தவன். தாளை இரண்டு விரலால் அமுக்கினாலே கதிரின் பருவம் தெரியும் என்ற திமிர். "நிச்சயமா?" என்று மேலதிகாரி ஹெலன் கேட்டாள். "நான் விவசாயி" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். நெல்லுக்குப் பழகிய என் விரலுக்குக் கோதுமைத் தாள் தடித்துத் தெரிந்தபோது அந்தச் சில நாட்கள் கடந்துபோயிருந்தன. குளிர் பிந்திவிட்டது.

இன்று காலை பார்த்தால், குளிரறையில் வைத்த அத்தனை கதிர்களும் மணி பிடித்துத் தலை சாய்ந்து நிற்கின்றன. பாழாய்ப்போன மனம் முதலில் சந்தோஷப்பட்டது. பிறகுதான் உறைத்தது. எல்லா இனமும் ஒரேமாதிரி விளைந்தால் எது குளிரைத் தாங்கியது என்று யார் சொல்வது? ஹெலனிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை, ஏசியிருக்கலாம். "கவலைப்படாதே, அடுத்த வருடம் திரும்பச் செய்வோம்" என்றாள். ஒக்டோபரில் என் விசா முடிகிறது என்றேன். "அப்படியா? வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே" என்று அன்பாகச் சொன்னாள். போரில் ஷெல் விழுந்து கூரையில்லாமல் கிடக்கிறது எங்கள் கிளிநொச்சி வீடு. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியம் பஸ் தரிப்பில் நின்றபோது வதனியிடமிருந்து போன் வந்தது.

"என்னப்பா, கதிர் முத்திட்டுதோ?"

"ஓம்."

"நல்லா மணி பிடிச்சிருக்கோ?"

"ஓம். எல்லாம் தலை சாய்ஞ்சிட்டுது."

"அம்மாளாச்சி கண் திறந்திட்டா! அப்ப எங்களைக் கூப்பிடுவியள்தானே?"

நான் பதில் சொல்லுமுன் அவள் மகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பயிர் விளைந்தால் வீட்டில் சிரிப்பு வரும். அவளுக்குத் தெரிந்த விவசாயம் அதுதான். எனக்கும் அதுதான். சுற்றிலும் வெயிலில் சனம் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருக்க, நான் ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை பூட்டினேன். அதன் பைக்குள் கை விட்டால் நாலைந்து கோதுமை மணிகள், நன்றாக முற்றியவை.

"அப்பா, அங்க குளிருதோ?" என்று கேட்டாள் மகள்.

"ஓம், பிள்ளை" என்றேன்.