மேல் வரிசைப் பொந்துகள்

காலை ஆறு இருபதுக்கு அம்மா போனில் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் பழைய கோட்டைச் சுவரின் முன்னால், கையில் சாக்பீஸோடு நின்றிருந்தேன்.

"அப்பா போயிட்டாருடி."

சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

அப்பா அந்த ஏரிப் பறவைகள் சரணாலயத்தில் இருபத்தெட்டு வருடம் காவலர். பறவைகளைப் பார்த்தபடி மணிக்கணக்காக அசையாமல் நிற்பதால் எல்லோருக்கும் அவர் ‘நாரை’. வீட்டில் அப்படி நிற்கமாட்டார். தட்டும் கையுமாக ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். "உக்காந்து சாப்பிட்டா ஏரி ஓடியா போயிடும்?" என்பாள் அம்மா.

இந்த வருடம் சுவரைச் செப்பனிட உத்தரவு வந்தது. கல்லிடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். ஆனால் நாற்பத்து மூன்று பொந்துகளில் மைனாக்களும் ஆந்தைகளும் குஞ்சு பொரித்திருந்தன. அப்பா பொறியாளரிடம் மல்லுக்கட்டி ஓர் ஏற்பாடு செய்தார்: வட்டம் போட்ட பொந்தைத் தொடக்கூடாது, மற்றதை அடைக்கலாம். புராதனச் சுவரில் பெயிண்ட் படக்கூடாது, சாக்பீஸ்தான். அதையும் இரவுப் பனி அழித்துவிடும். தினமும் ஏழு மணிக்கு வேலை தொடங்குமுன் எல்லா வட்டங்களையும் மறுபடி போட்டார்.

"என்ன நாரையண்ணே, ஆந்தைக்கெல்லாம் பட்டா எழுதியாச்சா?" என்று சீண்டுவார் தலைமைக் கொத்தனார்.

"ஆச்சு. உனக்குத்தான் இடமில்ல, போ."

பிறகு நெஞ்சுவலி. ஐந்து நாள் மருத்துவமனைப் படுக்கை. அங்கும் போர்வைக்குள் கால்கள் அடங்கவில்லை. விடிகாலையில் நான் சுவருக்குப் போய்விட்டு வருவேன்.

"போட்டியா?"

"போட்டேன்பா."

"மேல் வரிசை பன்னெண்டும்?"

"ம்."

"ஏணின்னாலே உனக்குத் தலை சுத்துமே. பொய் சொல்றியா?"

"கண்ண மூடிக்கிட்டு ஏறினேன்."

"கண்ண மூடிக்கிட்டு வட்டமா? ஆந்தை சிரிக்கும்டி." சிரித்தார். உடனே முகம் மாறியது. "இன்னும் பத்தே நாள். பறந்துடும். அதுவரைக்கும் விட்டுடாத."

ஏணியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அப்பா போன அன்று சாயங்காலம் கொத்தனார் வீட்டுக்கு வந்தார். நகக்கண்களில் சுண்ணாம்பு.

"மத்தியானம்தான்மா விஷயம் தெரிஞ்சுது. உடனே வேலைய நிறுத்திட்டேன்."

"எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

"மேலேருந்துதான். ஏன்மா?"

கீழே இருந்த முப்பத்தொரு பொந்துகளுக்கும் அன்று காலை வட்டம் போட்டிருந்தேன். மேல் வரிசைப் பன்னிரண்டுக்கும் போடவில்லை.