ஒரு சைஸ் பெரிசு

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினேன். ஆனைகட்டியில் செங்கல் சுமந்தேன். அகளி பஸ் ஸ்டாண்டில் சில வாரம் படுத்திருந்தேன். இப்போது எக்ஸ்போர்ட்டில் கழித்த விளையாட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கேரளத்துச் சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விற்கிறேன். கடையில் ஆணிடம் கேட்கக் கூசும் உள்ளாடையைக்கூடப் பெண்கள் என்னிடம் கேட்டு வாங்குவார்கள்.

எல்லாருக்கும் ஒரே யோசனைதான் சொல்வேன். "வளர்ற பிள்ள, ஒரு சைஸ் பெரிசா எடு."

அப்படி நான் விற்ற டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டுதான் ஒரு லயத்துப் பள்ளிக்கூடப் பெண் போன வருடம் உபஜில்லா அளவிலான பள்ளிப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடினாள். முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் எலாஸ்டிக் இறங்க, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே ஓடி நான்காவதாக வந்தாள். முதல் இரண்டு பேருக்குத்தான் மாவட்டப் போட்டி.

இந்த வருடம் போட்டிக்கு முந்தைய ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஏலக்காய் பறிப்பவள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கக்கா. இந்தவாட்டி நீங்க வாயத் தெறக்கப்படாது. மூட்டைய மட்டும் தெறங்க."

மகளிடம் ஒவ்வொன்றாகப் போட்டுவரச் சொன்னாள். "காயெடுக்கிற மாதிரி உக்காரு. அப்படியே நகரு. இப்ப மேட்டுல ஏறு."

ஏலக்காய், செடியின் அடியில் காய்ப்பது. நாள் முழுக்கக் குத்தவைத்து நகர்ந்து பறிப்பவளுக்கு, உடம்பு அசையும்போது துணி எங்கே இழுக்கும், எங்கே நழுவும் என்பது தெரியும். பனியன் கம்பெனியில் ஆயிரம் பேண்டைத் தொட்ட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று பேண்டைத் தள்ளிய பிறகு, முழங்கால்வரை உடம்போடு ஒட்டிய கறுப்பு டைட்ஸைப் போட்டுவந்த பெண், மேட்டில் ஏறி இறங்கி, "இதுதாம்மா. போட்ட மாதிரியே இல்ல" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, தொடையெல்லாம் ஒட்டிக்கெடக்கு. ஊரு பாக்காதா?"

"அட்டை ஏறப்படாதுன்னு நீயும் நானும் காலச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான காட்டுக்குப் போறோம்? அப்ப எந்த ஊரு வந்து பாத்துச்சு?"

"அட்டைக்குக் கண்ணு இல்லடி!"

"அப்ப கண்ணு இருக்கறவுக திரும்பி நிக்கட்டும். எம்பிள்ள ஓடணும்."

பக்கத்து வீட்டுக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது தன் மகளுக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள்.

போட்டி நாள் பறிப்பு மும்முரத்தில் வந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். கயிற்றுக்கு வெளியே நின்று நான் அவள் காலைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இரண்டாவது சுற்றிலும் கை இடுப்புப் பக்கமே போகாமல் ஓடி முடித்தாள்.

சாயங்காலம் எடைபோடும் இடத்தில் சாக்கோடு வரிசையில் நின்ற அம்மாவிடம் போனேன். எத்தனாவது என்று அவள் கேட்கவில்லை.

"கையி?"

"ரெண்டு கையும் வீசித்தான் ஓடுனா. ரெண்டாவது. மாவட்டத்துக்குப் போறா."

அவள் சாக்கைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னொண்ணு வேணுமேக்கா, மாத்திக்க. அதே சைஸுல."