சத்து மாத்திரை

ஜெர்மனியில் மருந்துக்கடைக்கு அபொதேக்கெ என்று பெயர். என் மாத்திரையை வாங்கப் போனால், கவுண்டரில் நிற்கும் பெண் எல்லோர் காதிலும் விழும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். டப்பாவை மேசைமேல் வைத்து, கூடவே காகிதக் கைக்குட்டை ஒரு பொட்டலம் இலவசமாகத் தருவார். இருமல் மருந்து வாங்கியவருக்கும் அதே பொட்டலம், அதே சிரிப்பு. பின்னால் நிற்கிறவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் டப்பாவின் பெயர் தெரியாதபடி உள்ளங்கைக்குள் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வருவேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பதில் கிடையாது. பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கேட்டரிங் படித்து, இங்கே ஓர் இந்திய உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன் நான். அம்மாவும் அப்பாவும் பல வருஷம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது சொந்த வயலில் நடுகிறார்கள். நோய் தெரிந்த பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை. லீவு கிடைக்கவில்லை, விசா புதுப்பிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்பாவுக்கு அறுபது முடிந்து, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைக்க நாள் குறித்துவிட்டதாக அம்மா போனில் சொன்னபோது, தள்ளிப்போட வேறு பொய் கைவசம் இல்லை.

கிளினிக்கில் வெளியூர்ப் பயணத்துக்கு ஆயத்தம் செய்துவிடும் நர்ஸின் பெயர் கெல்லர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் கூப்பிடட்டுமா என்று முதலில் கேட்டார். நான் அவசரமாக வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் "சொல்லுங்க" என்று ஒரு கும்பகோணத்துக் குரல் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அரைகுறை ஜெர்மனிலேயே சமாளித்தேன். மாத்திரையை லேபிள் ஒட்டிய டப்பாவிலேயே வைத்து, டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துப் போக வேண்டும். விமானம் தாமதமானாலும் சமாளிக்கக் கூடுதலாக மாத்திரை உண்டு. உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பு மருந்து வேண்டாம் என்று டைபாய்டுக்கு ஊசி போட்டார். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றார். எந்தெந்த மாத்திரையோடு இது ஒத்துப்போகாது என்று ஒரு காகிதத்தில் கோடிட்டுக் காட்டினார். இரும்புச் சத்து, கால்சியம், சர்க்கரை நோய்க்குப் போடும் ஒரு மாத்திரை.

கடைசியாக, "வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் ஊருக்கு வருவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எல்லாருக்கும் தெரியும்! ஊருக்கே தெரியும்!" என்றேன். கெல்லர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு தைரியம் உங்களுக்கு! எவ்வளவு நல்ல குடும்பம்!" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் கேள்வி எனக்குப் புரிந்தது. நான் திருத்திச் சொல்லவில்லை. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது காது மடல் எரிந்தது.

அன்று மாலையே சூப்பர் மார்க்கெட்டில் வைட்டமின் டப்பா ஒன்று வாங்கினேன். அதிலிருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, என் மாத்திரைகளை அதில் நிரப்பினேன்.

திருச்சி விமான நிலையத்தில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. வீட்டில்தான் கேட்டார்கள். முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் மாத்திரை போடுவதை அம்மா பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி மாத்திர? உடம்புக்கு ஏதும்...?"

"சத்து மாத்திரம்மா. அங்க வெயில் கெடயாதுல்ல. எல்லாரும் போடுவாங்க."

அம்மா டப்பாவை வாங்கி, அதன்மேல் இருந்த ஆரஞ்சுப் பழப் படத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அடுத்த நாட்கள் பத்திரிகை வைப்பதிலும் வேன் பேசுவதிலும் போயின. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வயலில் மெஷின் இறங்கிவிட்டால் அப்பாவைப் பிடிக்க முடியாது. திருக்கடையூருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னார்:

"நீ கொண்டாந்த மாத்திர நல்லாருக்கு தம்பி. மூணு நாளா நானும் ஒண்ணு போடுறேன். முட்டிவலி கொஞ்சம் கேக்குது."

அம்மாவுக்குச் சர்க்கரை. காகிதத்தில் கெல்லர் கோடிட்டுக் காட்டிய அதே மாத்திரையைத்தான் அம்மா காலையும் ராத்திரியும் போடுகிறார். போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு நடந்தேன். கிளினிக்கில் கெல்லரே எடுத்தார். அறுப்பு மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் திருப்பிக் கேட்டார்: "அது என்ன மாத்திரை என்று அம்மாவுக்குத் தெரியுமே? எல்லோருக்கும் தெரியும் என்றீர்களே?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, மூன்று மாத்திரையால் பெரிய கெடுதல் வராது, உடனே நிறுத்துங்கள், இன்றே சர்க்கரை பாருங்கள், வாந்தியோ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். உங்கள் டப்பாவில் போதுமான அளவு இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது.

மாத்திரை காலாவதி ஆகிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரும்வரை அந்தப் பொய்யைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் வாசலில் அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். நோயின் பெயரைச் சொன்னேன், அம்மாவுக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரி சொவத்துல செவப்பு ரிப்பன் போட்டு எழுதியிருப்பாங்களே, அதுவா?"

"அதான்மா."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அந்த மாத்திரயப் போட்டதுல எனக்கும் வந்துருமா?"

"வராதும்மா. மாத்திரயில வராது. தொட்டாலும் வராது, ஒரே தட்டுல சாப்டாலும் வராது. என் ரத்தத்துல இப்ப தேடுனாக்கூட கிருமி தெரியாது. மாத்திர போடுற வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

"அப்பாக்கிட்ட சொல்லாத. காரியம் நல்லபடியா முடியட்டும்" என்று எழுந்தார். ஆட்டோ பிடித்துப் பாபநாசத்துக்குப் போய்ச் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தோம். சர்க்கரை வழக்கம்போலத்தான் இருந்தது. எனக்குத்தான் அம்மா பக்கத்தில் உட்காரக் கூசியது.

திருக்கடையூரில் மண்டபம் நிறைய எங்களைப் போல மாலையும் கழுத்துமாகக் குடும்பங்கள். அப்பாவும் அம்மாவும் மனையில் உட்கார, கலச நீரைப் பிள்ளை முதலில் ஊற்ற வேண்டும் என்றார் குருக்கள். குடத்தைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஊத்துப்பா" என்றார். ஊற்றினேன். அப்பா குளிரில் சிரித்தார். அம்மா அழுதார். அந்த இடத்தில் எல்லா அம்மாக்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரை மட்டும் அம்மா தனியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். கேட்டேன்.

"நீதான வெந்நி வேணும்னே. அங்க ஒனக்குச் சொல்லி வுட்டுருக்காங்கல்ல" என்றார்.

உண்மைதான், நான்தான் கேட்டிருந்தேன். எனக்காகக் கொதிக்க வைக்கிறாரா, என்னால் கொதிக்க வைக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியேறாதவர் அல்ல அம்மா. சொன்னால் புரிந்துகொள்வார். சொல்ல வேண்டியதை வருஷக்கணக்காக மறைத்து, அலமாரியில் ஆரஞ்சுப் படம் போட்டு வைத்தவனுக்கு அவர் புரிதலைச் சோதிக்க என்ன யோக்கியதை?

கிளம்பும் நாளில் முறுக்கு, பருப்புப் பொடியோடு அந்த டம்ளரையும் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "ஒன் டம்ளருப்பா. நீயே வச்சுக்க. மாத்திரய மறக்காமப் போடு." தலையைத் தடவினார். கை என் நெற்றியில் நன்றாகவே அழுந்தியது.

இங்கே இரண்டு சமையல்காரர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். தட்டும் குவளையும் எல்லோருக்கும் பொது. தினமும் அந்த டம்ளரில்தான் தண்ணீர் பிடித்து மாத்திரை போடுகிறேன். கழுவிய பிறகு அதைப் பொது அலமாரியில் மற்றவற்றோடு கவிழ்ப்பதா, என் அறைக்கு எடுத்துப் போவதா என்று ஒவ்வொரு முறையும் ஈரக் கையோடு நின்றுவிடுகிறேன்.