குரூப்பில் வாயே திறக்காதவர்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிற பெல்சியை ஊருக்குள்ள பல பேருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அவ நடத்துற ரத்ததானக் குரூப் அப்படி. நல்ல காரியம்தான், யாரு இல்லேன்னா? ஆனா பிள்ளைக்கு ஒரு கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. இன்னைக்கு எத்தனை பேரு பேசுனாக, நேத்தைக்கு எத்தனை பேருன்னு எண்ணாம அவளுக்குச் சோறு இறங்காது. குரூப் தூங்கிருமோன்னு பயம். அதுக்காகவே காலை வணக்கம் போட்டா, விடுகதை போட்டா, தேன்குழல் நல்லதா சீடை நல்லதான்னு ஓட்டு நடத்துனா. ரத்தம் எங்கேயோ போச்சு, சீடை செயிச்சுச்சு.

அந்த நேரம் பார்த்து சிவகங்கைப் பக்கம் ஒரு சங்கத்துக்காரவுக, ஆளுகள்ல நூத்துக்கு எத்தனை பேரு பேசுறாகன்னு பார்த்து நல்ல குரூப்புக்கு ஷீல்டுன்னு அறிவிச்சாக. பெல்சி யோசிச்சா. பேசாதவுகளைத் தூக்கிட்டா கணக்கு தானா ஏறிரும்ல? ஒரே மத்தியானத்துல வாயில்லாப்பூச்சிகளை எல்லாம் நீக்கிப்புட்டா. ஷீல்டும் வந்துச்சு.

ஷீல்டைத் துடைச்சு வச்ச ஈரம் காயல, ஆதித்தன்னு ஒருத்தர் போன் பண்ணுனாரு. சம்சாரம் மலையம்மாளுக்குப் பிரசவமாகி ரத்தம் நிக்கலையாம், ஓ நெகட்டிவ் வேணுமாம். ஆஸ்பத்திரியில இருப்பு இல்லை. பெல்சி குரூப்பில் போட்டா. உடனே மளமளன்னு வந்துச்சு பதில். கும்பிடுற கை. அழுகிற மூஞ்சி. "சீக்கிரம் கிடைக்கட்டும்." "ஷேர் பண்ணிட்டேன் சிஸ்டர்." ரத்தம் தர்றேன்னு ஒரு ஆளு இல்லை.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, ஒக்கூர் முத்தரசு! ஓ நெகட்டிவ். முன்னாடி ரெண்டு தடவை வந்து குடுத்துட்டுப் போன விவசாயி. குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம்கூடப் போட மாட்டாரு. அவரையுமில்ல நீக்கிப்புட்டோம்! மாதாவே, நம்பரையாவது காப்பாத்து. நல்லவேளை, போனில் பதிஞ்சிருந்துச்சு. அடிச்சா, எடுக்கலை. திரும்ப அடிச்சா, எடுக்கலை. நடுவுல ஆதித்தன். "யாரும் வாராகளா தங்கச்சி?" அவருக்கு வச்சுட்டு, மறுபடி முத்தரசு நம்பரையே அடிச்சா.

ஒரு வழியா முத்தரசு எடுத்தாரு. வயல்ல மோட்டார் ஓடுற சத்தம். பெல்சி மூச்சு வாங்கச் சொல்லி முடிச்சா.

"எந்த ஆஸ்பத்திரி?" அவ்வளவுதான் கேட்டாரு.

அவரு பைக்கில வந்து சேர்ற வரைக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போன பெல்சி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்த நடை கொஞ்சமில்லை. வந்தாரு, குடுத்தாரு. பொழுது சாயுறதுக்குள்ள மலையம்மா பொழைச்சுக்கிட்டான்னு டாக்டரம்மா சொன்னாக. போன உசிரு திரும்பி வந்துச்சு பெல்சிக்கு.

ஜூஸ் வாங்கிக் கையில குடுத்தா. முத்தரசு குடிக்காம வச்சுக்கிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாரு.

"கோவிச்சுக்காதீக. என்னை நீக்குனீகள்ல, என் ரத்தத்துல ஏதோ நோய் இருக்கு, மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூசுறீகன்னு நினைச்சுட்டேன். வீட்டுல யார்ட்டயும் சொல்லாம சிவகங்கை போயி டெஸ்ட் எடுத்தேன். முடிவு வர்ற வரைக்கும் பிள்ளைகளைக்கூடத் தொடலை. ஒண்ணும் இல்லைன்னுட்டாக. பெறகு எதுக்கும்மா நீக்குனீக?"

ஷீல்டுக்குன்னு எந்த வாயால சொல்லுவா?