ஆரபியின் செக்

சனிக்கிழமைக் காலைகளில் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குள் பத்துப் பெண்பிள்ளைகள் பந்தோடு ஓட, பெரியவர்கள் ஓரத்தில் நின்று, "உன் செக் எங்கே? உன் செக்கைப் பிடி!" என்று ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். முதல் நாள் எனக்கு முதுகு கூசியது. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் செக்கிங் என்றால் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்காமல் வரிசையில் நடப்பது. இங்கே கூடைப்பந்தில் செக் என்றால் எதிரணியில் நீ காவல் காக்க வேண்டிய பிள்ளை. அவள் எங்கே போனாலும் நீயும் பின்னால் போக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலுமா என்று என் பதினொரு வயது மகள் ஆரபியிடம் பகிடியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஆரபி வகுப்பிலேயே உயரம். கூடைக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளென்றால் ஒரு பந்தும் உள்ளே போகாது. ஆனால் அப்படி நிற்பதுதான் இங்கே குற்றம். பருவத் தொடக்கத்திலேயே கோச் டெனீஸ் பெற்றோருக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: இந்த வயதுப் பிரிவில் ஸோன் கூடாது. ஸோன் என்றால் வலயம், ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடித்து நிற்பது. சின்னக் கைகளால் தூரத்திலிருந்து எறிய முடியாது என்பதால் சும்மா நின்றே வென்றுவிடலாமாம். அப்படி வெல்லும் பிள்ளைகள் ஒன்றும் பழகாமலே வளர்ந்துவிடுவார்களாம். ஆகவே தடை. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஆமியின் பாதுகாப்பு வலயங்கள் எங்களைத் தடைசெய்தன, இங்கே வலயத்தையே தடைசெய்துவிட்டார்கள். சிரித்ததோடு சரி, விஷயம் மண்டையில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் என் கால். பள்ளிக்கூடத்தில் நான் நெற்போல் கோல் கீப்பர். அதுவும் கூடைக்குள் பந்து போடும் ஆட்டம்தான். நெற்போலில் ஆளாளுக்கு எல்லை உண்டு. ஜி.கே. என்று எழுதிய துணியை மார்பில் கட்டியவள் மைதானத்தின் கடைசி மூன்றிலொரு பங்கை விட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் விசில். ஐந்து வருடம் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேதான் ஓடினேன். பந்து மறுபக்கம் போய்விட்டால் கோட்டோரம் வந்து நின்று, வெயிலுக்குள் மற்றவர்கள் ஓடுவதை வேறு யாரோ காணும் கனவைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் பிந்தித்தான் வந்து சேரும். சில நாட்களில் ரொறன்ரோவில் பஸ்ஸுக்குள் இருந்து வெளியே பார்க்கும்போதும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆட்டத்தில் வினை வந்தது. ஆரபியின் செக் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். அணிலைப் போல ஓடினாள். கூடையை அப்படியே விட்டுவிட்டு ஆரபி அவள் பின்னால் போகப் புறப்பட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளை, உன்ர இடத்தை விடாதை! அங்கயே நில்லு!"

ஆரபி நின்றுவிட்டாள். கோச் போ என்றார், நான் நில் என்றேன். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவர் விசிலை ஊதி, ஸோன் என்று ஒருமுறை எச்சரித்தார். இரண்டாம் முறை எதிரணிக்கு ஓர் இலவச எறி கொடுத்தார். அந்த ஒரு புள்ளியால் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கோச் டெனீஸ் என்னிடம் வந்தார். "ஷீ கீப்ஸ் லூசிங் ஹேர் செக்," என்றார். செக் என்றால் ஆள் என்பது அந்த நேரம் மறந்துபோய், ஆரபி எதையோ தொலைக்கிறாள் என்று விளங்கிக்கொண்டு எனக்கு ரோசம் வந்துவிட்டது. "நோ, நோ. ஐ செக் ஹேர் பாக் எவ்ரி மோர்னிங்," என்றேன். அவர் சிரித்து, என் தோளில் கை வைத்து, ஆறுதலாகச் சொன்னார். இப்போது இவள் உயரம். இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது இவளைக் காப்பாற்றப்போவது கால்தான். அதுவரைக்கும் தோற்றாலும் பரவாயில்லை. பிள்ளை தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு வாத்தியார் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

காரில் ஆரபி யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பாதி வழியில் சொன்னாள்.

"அம்மா, இனி என்ர கேம்ஸுக்கு வர வேணாம், ப்ளீஸ். நீங்க கத்தேக்க என்ர லெக்ஸ் ஜஸ்ற் ஸ்ரொப்."

எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவளை இறக்கிவிட்டுப் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருந்தேன். பனி மெல்ல விழுந்து கண்ணாடியை மூடியது. உள்ளே வெளிச்சம் பால் நிறமானது. சுவருக்கு அப்பால் பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது என் நெஞ்சுக்குள் கேட்பதா, ஜிம்முக்குள் கேட்பதா என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்குள் என் அப்பா நினைவில் வந்தார். ஆமி வருகிறதென்று ஊர் முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்ட மழைநாள் அது. "நீங்கள் போங்கோ. வீட்டைப் பாக்க ஒராள் வேணும்," என்றார். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். பெண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒருவர் காவலுக்கு நிற்பது. நான் வாசல் படலையடியில் நின்று, "அப்பா, வாங்கோ," என்றேன். ஒரே ஒரு தரம். அவர் வரவில்லை. ஆறு மாதம் கழித்து நாங்கள் திரும்பியபோது யன்னல், கதவு, கிணற்று வாளி எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அப்பா மட்டும் இல்லை. காய்ச்சலில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இருக்கவில்லை. அவர் காத்த அந்த வீட்டில் இன்று நாங்கள் ஒருவரும் இல்லை. அப்பாமேல் எனக்கு இன்னும் கோபம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே என் பிள்ளையைப் பார்த்து இடத்தை விடாதே என்று கத்தியிருக்கிறேன்.

மூன்றாம் சனிக்கிழமை காலை, "நானும் உள்ள வரட்டே?" என்று கேட்டேன்.

ஆரபி யோசித்தாள். "ஓகே. பட் வாயைத் திறக்கக் கூடாது."

அதே எதிரணி, அதே இரட்டைப் பின்னல். அந்த ஜிம்மின் தரையில் பல விளையாட்டுகளின் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். கறுப்பில் கூடைப்பந்து, நீலத்தில் கரப்பந்து, பச்சையில் பட்மின்ரன். நெற்போலுக்கு மட்டும் கோடு இல்லை. ஆனாலும் எனக்கு அது தெரிந்தது. பின்னல்காரி ஓட, ஆரபி கூடையை விட்டுப் புறப்பட்டாள். என் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அந்தச் சுண்ணாம்புக் கோட்டை நெருங்கினாள். தொண்டை வரை வந்த சத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் கோட்டைத் தாண்டினாள். விசில் இல்லை. முதல்தரம் பின்னல்காரி வெட்டிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டாள். இரண்டாம் தரமும் போட்டாள். மூன்றாம் தரம் ஆரபியின் கால்கள் விடாமல் கூடவே போயின. நடுக் கோட்டருகே அவள் கை நீண்டு பந்தைத் தட்டி வெளியே அனுப்பியது. அன்றும் தோற்றோம்.

வியர்த்து வழிய ஓடிவந்தாள். "அம்மா, பாத்தீங்களா? நான் என்ர செக்கை விடேல்ல!"

"ஓம், பாத்தனான்."

"நீங்க விளையாடேக்க உங்கட செக் ஆர்?"

எதிரணியின் கோல் ஷூட்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"அம்மப்பா. என்ர அப்பா."

"அம்மப்பாவும் நெற்போல் விளையாடினவரா?"

"இல்லையம்மா. நான் அவரை விடாமல் பிடிச்சிருக்க வேணும். விட்டிட்டன்."

அவளுக்கு விளங்கவில்லை. பசிக்குது, வாங்கோ என்று என் கையைப் பிடித்தாள். வாசல் மறுபக்கம் இருந்தது. ஜிம்மைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். கறுப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொரு கோட்டிலும் என் கால் ஒரு கணம் நின்று விசிலுக்காகக் காத்திருந்தது. ஆரபி கையை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.