ரொட்டி ஆறும் வரை

பெல்மதுளைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடை. சுளகு நிறைய ரொட்டி பரப்பிக் கிடக்கிறது. எல்லாம் எனக்குத்தான். சிவனொளிபாத மலைக்குக் காட்டு வழியாக மூன்று நாள் நடக்கப் போகிறேன். கெடாமலிருக்க மருந்து கலந்த பாக்கெட் சாப்பாடு என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. போன தடவை கொண்டுபோன தேங்காய் ரொட்டி இரண்டாம் நாளே ஊசிப்போய், பட்டினியோடு பாதி வழியில் திரும்பினேன். இந்த முறை ஏறியே தீருவேன்.

கடைக்கார மாரியாயி முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தேங்காய் சேர்க்காமல், வெறும் மாவும் உப்பும் பிசைந்து, தணலில் ஈரம் போகச் சுட்டிருக்கிறார்.

நான் போக வேண்டிய இரத்தினபுரி பஸ் வந்து நிற்கிறது. "நகின்ன, நகின்ன!" என்று ஏறச் சொல்லிக் கத்துகிறார் கண்டக்டர்.

"அக்கா, சூடா இருந்தாலும் பரவாயில்ல, கட்டிக் குடுங்க."

"சூட்டோட கட்டுனா உள்ளுக்குள்ளேயே வேர்த்துரும். நாளைக்கே பூஞ்சணம் புடிக்கும். மூணு நாளைக்குத்தானே கேட்டீங்க?" சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "ஆறாம தரமாட்டேங்க."

பஸ் போய்விடுகிறது. எனக்குக் கோபமான கோபம். அவரோ பிஸ்கட் பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்து நீட்டுகிறார்.

"சும்மா நிக்காம விசிறுங்க."

விசிறுகிறேன். கை கடுக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு மறுபடி விசிறுகிறேன். அரை மணி நேரத்தில் அடுத்த பஸ்ஸின் ஹார்ன் கேட்கிறது.

"இதுல போறீங்களா?" என்கிறார் மாரியாயி.

நடுவிலிருக்கும் ரொட்டியை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கிறேன்.

"இல்லக்கா. இன்னும் ஆறல."